நன்றாக இல்லை என்று சொன்னேன்

ஒரு நல்ல நாவலை நன்றாக இல்லை என்று சொன்னேன்.

தெரியாமல் சொல்லவில்லை. ரசனைக் குறைவினாலும் சொல்லவில்லை. என் நாவலைவிட அது நல்ல நாவல் என்று தெரிந்தே சொன்னேன்! எழுதியவரின் எதிரில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

நீங்கள் என் புத்தகத்தை வாசித்திருக்கலாம். அட்டையில் பனியன் துணி உருளைகளின் படம் போட்ட அந்தத் தடித்த நாவல்தான்... வாசித்திருந்தால் ஒன்பதாம் அத்தியாயம் உங்களுக்குப் பிடித்திருக்கும். எல்லோருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. அதைப் பற்றியும் சொல்கிறேன். இடையில் எழுந்து போய்விடாதீர்கள். மறுபடி ஒருமுறை தொடங்க என்னால் முடியாது.

நான் பொங்கலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர்த் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரு தரப்பிடமும் ஏச்சு வாங்குகிற வேலை. ஆனால் மனத்துக்குள் நான் எப்போதும் எழுத்தாளன்தான். இந்த ஊரை எழுதப் பிறந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டு திரிந்தேன்!

கிணறு வற்றிய தோட்டத்தை விற்று, தையல் மெஷின் வாங்கிப்போட்டு, கம்பெனி முதலாளியாகிவிட்ட ஒரு குடும்பத்தின் கதையை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் காலியாக இருக்கும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், சாம்பிள் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுவேன். முதல் பிரதியை முடிக்க வருடங்கள் ஆயின. முடித்த கையோடு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். பெரும்பாலும் பதிலே வரவில்லை. ஒருவர் மட்டும் "தகவல்கள் நிறைய இருக்கின்றன, மனிதர்களைக் காணோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் எத்தனை நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன் என்று என் மனைவி கோகிலாவைக் கேட்டால் சொல்வாள்.

அந்தக் காலத்தில்தான் ஜெபராணி என் முதல் வாசகரானார்.

எங்கள் கம்பெனியில் ஷிப்மென்ட் ஆவணங்கள் தயாரிக்கும் பிரிவில் இருக்கிறார். உடன்குடிப் பக்கத்துக்காரர். தகப்பன் இறந்தபின் அவருடைய அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடித் திருப்பூர் வந்தபோது ஜெபராணி பள்ளிக்கூடச் சிறுமி. இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே குடும்பமாகிவிட்டவர். ஆனாலும் பேச்சில் அந்தக் கடற்கரைச் சாயல் போகவில்லை. கிடைத்ததையெல்லாம் வாசிப்பார். நான் எழுதுகிறேன் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானாக வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்லா?"

"சொல்லுங்க, பரவால்லீங்க."

"இம்புட்டுப் பெரிய குடும்பம்... ஒரு ஆளுக்குக்கூடச் சளி பிடிக்க மாட்டேங்குல்லா! எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தரும் மூக்க உறிஞ்ச மாட்டேங்காங்க."

சிரித்துவிட்டேன். உள்ளே சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை! அன்றிலிருந்து மறுபடி எழுதினேன். இரண்டாம் பிரதி, மூன்றாம் பிரதி... ஒவ்வொன்றையும் அவர்தான் முதலில் வாசித்தார். எந்த இடத்தில் கண் தானாக அடுத்த பக்கத்துக்குத் தாவியது, எந்த இடத்தில் ஒரு பாத்திரம் நானாக மாறிப் பேசுகிறது... எல்லாம் சொல்வார். இன்று அந்த நாவலில் மனிதர்கள் நடமாடுகிறார்கள் என்றால், பாதி அவர் புண்ணியம். பாதிதானா? இல்லை, அதற்கும் மேல்!

பிறகு ஒருநாள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நானும் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்ணே. கம்பெனி வேன்ல வரும்போதும் போம்போதும் போன்ல தட்டித் தட்டி எழுதுனது. நேரங்கிடைக்கப்போ பாத்துச் சொல்லுதீங்களா?"

வாட்ஸாப்பில் அனுப்பினார். அடுத்த ஞாயிறு, அதே காலியான ஆபீஸில், அதே நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன்.

நண்பரே, நான் அன்று அனுபவித்ததை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

கதையில் ஒரு தாய் தெற்கேயிருந்து வருகிறாள். ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலை கிடைக்கிறது. தையற்காரருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்து எடுத்துக் கொடுக்கும் வேலை அது. அவளுக்கு இன்னும் கை பழகவில்லை. முதல் வாரக் கடைசியில் சூப்பர்வைசர் வந்து நின்று சொல்கிறார்: "ஏனுங்க, இப்படிங்களா மடிப்பாங்க? நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

அந்தத் தாய் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறாள்.

ஆம், சந்தோஷமாக! அவளை யாரும் வாழ்நாளில் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. சொந்த ஊரில் 'ஏட்டி'யும் 'வாளா'வும்தான். இங்கே இவ்வளவு பெரிய மனுஷர், தன்னை 'ங்க' போட்டுப் பேசிவிட்டார்! சாயந்திரம் முழுக்கப் பிள்ளைகளிடம் அதையே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். "வர வேண்டாமுங்க... வர வேண்டாமுங்க..." பிள்ளைகளும் அதைப் பாட்டுப்போலச் சொல்லி வீடு முழுக்க ஓடுகிறார்கள். தனக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறாள். ஒரு நாள் இருந்துவிட்டு மறுநாள் காலை தலை வாரி, பூ வைத்து, கம்பெனி கேட்டுக்குப் போகிறாள்...

அதற்குப் பிறகு கேட்டில் நடந்தது, என் புத்தகத்தை வாசித்திருந்தால் உங்களுக்குத் தெரியும்.

நான் இந்த மண்ணில் பிறந்தவன். 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் எனக்கு வாராது. அந்த 'ங்க' ஒரு மனுஷியை இப்படி அறுக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே! என் பாஷையை, என் வாயில் இருக்கும் பாஷையை, எங்கிருந்தோ வந்த ஒருவர் என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறாரே!

முதலில் வந்தது கண்ணீர். அது நிஜம். அதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கண்ணீருக்குப் பின்னாலேயே வயிற்றெரிச்சல் வந்தது. இது வெளியே வந்தால் என்னுடையதை யார் வாசிப்பார்கள்? இத்தனை வருடம் நான் உட்கார்ந்து தேய்ந்த இந்த நாற்காலிக்கு என்ன அர்த்தம்? போனில் தட்டி எழுதினாராம்! வேனில் போய்க்கொண்டே எழுதினாராம்!

திங்கட்கிழமை மதியம் அவர் ஆவலோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் கேட்கும் முன்பே தொடங்கிவிட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க... நல்லா இல்லீங்க."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"இது நாவலே இல்லீங்க. டைரி மாட்டம் இருக்குது. உங்களுக்கு நடந்தத அப்படியே எழுதி வெச்சிருக்கறீங்க. நாவலுன்னா அதுக்கொரு கட்டமைப்பு வேணுமல்லங்க? நெறையாப் படிங்க. எழுதறத இப்போதைக்கு விட்டுருங்க. வீணா மனசு சங்கடப்படுவீங்க."

எவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்!

அவர் சிரித்தார். காது சிவந்திருந்தது. "அதான, நானும் நெனச்சேன். என்ன தைரியத்துல அனுப்புனேன்னு எனக்கே தெரியல" என்றார். கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "சரி, உங்க கடைசிப் பகுதி என்னாச்சு? அந்த அண்ணன் தம்பி சண்டைய மாத்தி எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

என் நாவலைக் கேட்டார்! அந்த நிமிஷத்திலும்...

அதன்பின் அவர் எழுதவில்லை. எழுதியதையும் போனிலிருந்து அழித்துவிட்டதாகப் பின்னொரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஆனால் என் பிரதிகளை வாசிப்பதை மட்டும் நிறுத்தவே இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு பொய். ஒரு பலவீனம். அப்படி என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். முடியவில்லையே!

திருப்பூரில் புத்தகக் கண்காட்சி நடந்தபோது சென்னையிலிருந்து ஒரு சிறு பதிப்பாளர் கடை போட்டிருந்தார். தயங்கித் தயங்கிப் போய் என் நாவலைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அனுப்பச் சொன்னார். கிளம்பும்போது கேட்டார்: "இந்த ஊர்ல வேற யாராவது எழுதறாங்களா? முக்கியமா பெண்கள்? தேடிட்டே இருக்கேன், யாரும் கிடைக்க மாட்டேங்கறாங்க."

ஜெபராணி அப்போது அதே கூடத்தில்தான் இருந்தார். அடுத்த கடையில், தன் மகளுக்குப் படக்கதைப் புத்தகம் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

பதிப்பாளரிடம் திரும்பி, "எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லீங்க" என்றேன்.

இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? நீங்களே சொல்லுங்கள்... எனக்குப் பெயர் கிடைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பதிப்பாளர் அழைத்தார். நாவல் பிடித்திருக்கிறது என்றார். காலுக்குக் கீழே தரை இல்லாததுபோல் இருந்தது எனக்கு. ஆனால் அடுத்த வாக்கியத்தில் தரைக்கு இறக்கிவிட்டார்.

"ஒரே ஒரு குறை. வெளியூர்லேருந்து பிழைக்க வந்தவங்க யாருமே இதுல இல்லையே! அவங்கதானே பாதித் திருப்பூர்? ஒரு அத்தியாயமாவது அவங்க பக்கத்திலேருந்து வேணும். அது வந்துட்டா போட்டுடலாம்."

எழுதிப் பார்த்தேன். ராமநாதபுரத்திலிருந்து ஓர் ஆளை வரவழைத்தேன். பஸ் ஸ்டாண்டில் இறக்கினேன். அவன் அங்கேயே மரப்பாச்சி போல நின்றான்! என்ன எழுதினாலும் நகரவில்லை. கிழித்தேன், எழுதினேன், கிழித்தேன். கோகிலா பேசினால் எரிந்து விழுந்தேன். வேலையில் கோட்டைவிட்டேன். தவறான கலருக்கு ஓகே சொல்லிவிட்டு சாயம் போடும் டையிங்காரரிடம் போய் நின்றேன்.

கடைசியில் ஜெபராணியிடம் போய்ப் புலம்பினேன். வெறுமனே புலம்பத்தான் போனேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டுப் பார்க்கிறேன்: அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துதானே போனாய்? ஆமாம். தெரிந்துதான் போனேன்.

"இதுக்கா இவ்வளவு கவல?" என்றார். "நான் எழுதுனதுல எங்கம்மா வேலைக்குப் போன கத வருமே, அத வேணும்னா எடுத்துக்கோங்கண்ணே. என் போன்ல இல்ல, உங்களுக்கு அனுப்புனது இருக்கும்லா? அது சும்மா கெடந்து என்ன ஆவப் போவுது? நீங்க எழுதுனா நல்லா வரும்."

வேண்டாம் என்று ஒருதரம் சொன்னேன். ஒரே ஒரு தரம்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாயின் பெயரை மாற்றினேன். ஊரின் பெயரை மாற்றினேன். அவ்வளவுதான். என் முத்திரை எங்கேயாவது இருக்கட்டும் என்று ஒரு பத்தியைத் திருத்தி எழுதிப் பார்த்தேன். செத்துப் போயிற்று. பழையபடியே வைத்துவிட்டேன். அதுதான் ஒன்பதாம் அத்தியாயம்.

அச்சுக்குப் போகும் முன் கோகிலா முழுப் பிரதியையும் வாசித்தாள். முடித்துவிட்டு, "ஏனுங்க, இந்த ஒண்ணு மட்டும் வேற ஆளு எழுதுன மாட்டம் இருக்குதுங்களே" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்!" என்று கத்தினேன். அவள் தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

புத்தகம் வந்தது. கையில் வாங்கியபோது எனக்கு வரவேண்டிய ஆனந்தம் வரவில்லை. பின்பக்கம் புரட்டி நன்றியுரையைத்தான் பார்த்தேன். நானே எழுதிய வரிதான். 'தகவல்கள் தந்து உதவிய தோழி ஜெபராணிக்கு நன்றி.' தகவல்கள்! ஆமாம், அப்படித்தான் எழுதினேன்.

வெளியீட்டு விழா திருப்பூரில் ஒரு சிறிய அரங்கில் நடந்தது. ஜெபராணி தன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். வெள்ளைப் புடவை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. முன்வரிசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார் அந்த அம்மா. பேச வந்தவர் ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்து வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். "வர வேண்டாமுங்க" என்ற இடத்தில் அரங்கம் சிரித்தது. அடுத்த பக்கத்தில் அந்த அரங்கமே அடங்கிப் போயிற்று.

நான் மேடையிலிருந்து அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து என்னிடம் வந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"ஏட்டி, இது எங் கதைல்லா? இந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தாம்மா சொன்னேன்" என்றார் ஜெபராணி.

எழுதினேன் என்று சொல்லவில்லை! சொன்னேன் என்றார்...

"பக்கத்துல நின்னு பாத்த மாரியே எழுதியிருக்கீங்கய்யா. நல்லாயிருங்க" என்றார் அம்மா. சுற்றிலும் ஆட்கள் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் "சரிங்கம்மா" என்றேன்.

மறுநாள் ஆபீஸில் ஜெபராணி சொன்னதை இன்னும் சொல்லவில்லை உங்களிடம். அதைச் சொல்லாமல் இந்த வாக்குமூலம் முடியாது.

"எப்படிண்ணே செஞ்சீங்க? நான் எழுதுனப்போ இது இப்படி இல்லல்லா! அதே கததான், ஆனா உங்க கை பட்டதும் உசுரு வந்துட்டு."

பெயர்களைத் தவிர ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை. ஒரு சொல்லைக்கூட! தன் எழுத்தையே அடையாளம் காண முடியாதவராக நான் அவரை ஆக்கிவிட்டிருந்தேன்.

அப்போது சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். "ஜெபா, அன்னைக்கு நான் உங்க எழுத்தப் பத்திச் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"ஐயோ, அத விடுங்கண்ணே! நீங்க அன்னைக்கு உள்ளதச் சொல்லலன்னா நான் இன்னும் கிறுக்கிக்கிட்டே திரிஞ்சிருப்பேன். வேற யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரே நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் பொய் சொல்லல."

கையிலிருந்த சாம்பிளோடு தையல் லைனுக்குப் போய்விட்டேன்.

சில சமயம் எனக்கு வேறொரு சந்தேகம் வருகிறது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ? தெரிந்துகொண்டேதான் என்னை இப்படி நம்புகிறாரோ? அவர் முகத்தைத் துருவித் துருவிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. ஷிப்பிங் பில்லில் ஒரு எண் தப்பென்று யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். மகளுக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் கிளம்புகிறார். என்னைக் கண்டால் சிரிக்கிறார். தெரியாது, அவருக்குத் தெரியவே தெரியாது... அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு பரிசும் கிடைத்துவிட்டது அந்த நாவலுக்கு. வாழ்த்துச் சொல்ல வந்த ஜெபராணி என் மேஜையோரம் நின்று, "அடுத்தது என்ன எழுதப் போறீங்க?" என்றார். இன்னும் ஒன்றும் தோன்றவில்லை என்றேன். சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்:

"என்னுது மிச்சமெல்லாம் உங்ககிட்டதான கெடக்கு? அதையும் நீங்களே எழுதிருங்கண்ணே. எங்கம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும்."

அந்த நாவலுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி என்னிடம் இருக்கிறது. அதை அவரிடமே திருப்பி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? 'இது நல்ல நாவல், நான் பொய் சொன்னேன்' என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அது முடியாமல்தான் முன்பின் அறியாத உங்களிடம் வந்து கொட்டிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதும் எல்லாவற்றையும் முதலில் வாசிப்பவர் அவர். இதை மட்டும் அவரிடம் காட்டப் போவதில்லை. பார்த்தீர்களா... ஒப்புக்கொள்ளும்போதும் ஒளிக்கிறேன்!

நேற்று மதியம் பதிப்பாளர் அழைத்தார். "இரண்டாவது நாவல் எந்த அளவில இருக்கு? எல்லாரும் கேட்கறாங்க. அந்த ஒன்பதாம் அத்தியாயம் மாதிரி ஒரு முழு நாவல் எழுதுங்களேன்" என்றார்.

"ஆரம்பிச்சுட்டனுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு, வாட்ஸாப்பில் வந்த அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தின் நடுவில் 'ஜெபராணி' என்று இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை.

இன்னும் அழிக்கவில்லை...